வெற்றிடமும் மூவிடமும்: முடுக்கமுறும் நோக்குநர் பற்றிய இயற்பியற் கருத்தின் வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

1. முன்னுரை

அறிவியற் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை, ஒரு கருத்து முழுமையாக உருப்பெற்ற பின்னர் அதற்கு ஏற்ற சொல்லைத் தேடும் முயற்சிகளையே விளக்குகின்றன. சொல் நிலைபெற்ற பின்னர் கருத்து மாறிவிடுமாயின் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை. இவ்வினாவுக்குத் தக்க சான்றாக அமைவது ‘வெற்றிடம்’ என்னும் சொல்லாகும். பொருள் ஏதும் இல்லாத இடம் என்று பள்ளி மாணவரும் அறிந்த இச்சொல், 1970களில் இயற்பியலில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தால் புதிய சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. சீரான வேகத்தில் செல்லும் நோக்குநர் ஒருவர் துகள் எதுவும் இல்லை என்று கூறும் அதே வெற்றிடத்தில், முடுக்கமுறும் நோக்குநர் வெப்பத்தையும் துகள்களையும் காண்பார் என்பதே அம்மாற்றம்.

இக்கருத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதில் திருவனந்தபுரத்தில் பிறந்த தாணு பத்மநாபன் பெறும் இடத்தைச் சுட்டி, இதனைத் தமிழில் எழுதுவோர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல்களைத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விழிஞ்ஞமும் திருவனந்தபுரமும்

2.1. கருத்தின் வரலாற்றுக்குள் புகுமுன் இடத்தைப் பற்றிச் சில கூறுதல் பொருந்தும். திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த விழிஞ்ஞம், ஆய் மன்னர்களின் துறைமுக நகரமாக விளங்கியது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு, அவன் இவ்வூரைக் கைப்பற்றியதைக் குறிப்பிடுகிறது. பழைய தமிழ் வழக்கில் இப்பெயர் ‘விழிஞம்’ என ஒற்றை ஞகரத்துடன் அமைகிறது. மலையாள வழக்கில் ஞகரம் இரட்டித்து ‘விழிஞ்ஞம்’ ஆயிற்று. இக்காலத் தமிழ் எழுத்தில் ‘விழிஞ்சம்’ என்னும் வடிவமும் காணப்படுகிறது. மஞ்ஞள், கஞ்ஞி என்னும் மலையாளச் சொற்களுக்குத் தமிழில் மஞ்சள், கஞ்சி என்பன நிகராதலின், அவ்வொப்புமையால் ‘ஞ்ஞ’ என்பதை ‘ஞ்ச’ எனத் திருப்பியதன் விளைவே இம்மூன்றாம் வடிவம் எனக் கருத இடமுண்டு. ஊர் ஒன்றே; அதனைப் பெயரிடுவோர் நிற்கும் மொழியிடமே வேறு.

2.2. இக்கடற்கரையில் அண்மைக் காலத்தில் இயற்பியல் பல வடிவங்களில் வந்து சேர்ந்துள்ளது. நகருக்கு வடக்கேயுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணின் முதல் ஆய்வு ஏவூர்தி செலுத்தப்பட்டது. விழிஞ்ஞத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைத்த கடலலை மின் நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கிப் பின்னர் நின்றுபோயிற்று. 2025இல் அங்குப் பன்னாட்டுத் துறைமுகம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது.

2.3. திருவனந்தபுரத்தின் பல்கலைக்கழகக் கல்லூரி தமிழ் உரைநடை வரலாற்றிலும் இடம்பெறுவது. இது மகாராஜா கல்லூரி என வழங்கிய காலத்தில், ‘மனோன்மணீயம்’ (1891) இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இங்கு மெய்யியல் பேராசிரியராகப் பணியாற்றினார். அறிவுத்துறைகளை வகைப்படுத்திக் கூறும் ‘நூற்றொகை விளக்கம்’ அவருடைய உரைநடை நூலாகும். அறிவியலைத் தமிழில் முறைப்படச் சிந்திக்கும் முயற்சி இக்கல்லூரிச் சூழலில் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்பது இதனாற் புலனாகும். இதே கல்லூரியில்தான் தாணு பத்மநாபன் (1957–2021) பின்னாளில் இயற்பியல் பயின்றார்.

3. வெற்றிடக் கருத்தின் மாற்றங்கள்

3.1. ஐரோப்பிய அறிவியலில் வெற்றிடம் முதலில் காற்றில்லாத இடமாகவே அறியப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டாரிசெல்லியின் பாதரசக் குழாயும் கெரிக்கின் காற்றிறைப்பியும் அதனைச் செய்து காட்டின. இந்தியில் இன்று வழங்கும் ‘நிர்வாத’ என்னும் கலைச்சொல் ‘காற்று அற்றது’ எனப் பொருள்படுவதால் வரலாற்றின் இந்நிலையைத் தன்னுள் காத்து வைத்துள்ளது.

3.2. குவாண்டம் கொள்கை இக்கருத்தை மாற்றியது. காற்றையும் ஒளியையும் முற்றிலும் நீக்கினாலும் புலம் எஞ்சுகிறது. அப்புலத்தின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையே வெற்றிடம் என வரையறுக்கப்பட்டது. அந்நிலையிலும் புலம் முற்றாக ஓய்வதில்லை. அதில் ஏற்ற இறக்கங்கள் உண்டு. 1948இல் டச்சு இயற்பியலாளர் காசிமிர், மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும் எனக் கணித்தது இதன் புகழ்பெற்ற விளைவாகும். ஆக, வெற்றிடம் என்பது ஓர் இடத்தின் பெயராக இருந்த நிலை மாறி, ஒரு நிலையின் பெயராயிற்று. ஆயினும் அந்நிலை எல்லா நோக்குநர்க்கும் பொதுவானது என்னும் நம்பிக்கை தொடர்ந்தது.

3.3. அந்நம்பிக்கை 1973க்கும் 1976க்கும் இடையில் தகர்ந்தது. 1973இல் ஸ்டீபன் ஃபுல்லிங், ஒரே புலத்தைக் குவாண்டப்படுத்தும் முறை ஒன்றாக மட்டும் இருக்க வேண்டியதில்லை எனக் காட்டினார். 1974இல் ஸ்டீபன் ஹாக்கிங் கருந்துளைகள் வெப்பக் கதிர்வீச்சை உமிழும் என அறிவித்தார். 1975இல் பால் டேவிஸ் முடுக்கமுறும் நோக்குநர்க்கு உரிய வெப்பநிலையைக் கணித்தார். 1976இல் வில்லியம் அன்ரூ, முடுக்கமுறும் உணர்கருவி ஒன்றைக் கருத்தளவில் அமைத்து, அது வெற்றிடத்தில் வெப்பக் குளியலில் இருப்பது போலவே துலங்கும் என நிறுவினார். இவ்விளைவு அன்ரூ விளைவு என்றும், மூவர் பெயராலும் வழங்கப்படுகிறது.

3.4. இதன் அடிப்படை பின்வருமாறு. புலத்தின் அலைவுகளை நேர் அதிர்வெண், எதிர் அதிர்வெண் என இருவகையாகப் பகுத்தே துகள் என்னும் கருத்து பெறப்படுகிறது. அதிர்வெண் காலத்தைச் சார்ந்தது. காலமோ நோக்குநரின் கடிகாரத்தைச் சார்ந்தது. சீரான வேகத்தில் செல்வோர் அனைவருடைய கடிகாரங்களும் ஒரே பகுப்பையே தருவதால் அவர்களுக்குள் வெற்றிடம் பற்றிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. முடுக்கமுறுவோரின் கடிகாரம் வேறு பகுப்பைத் தருகிறது. மேலும், இடைவிடாது முடுக்கமுறுவோரை ஒருபோதும் ஒளி எட்டாத பகுதி ஒன்று உண்டு. அப்பகுதிக்கு எல்லையாக அமைவதைத் தொடுவானம் என்பர். அதற்கு அப்பாலுள்ள செய்தி அவருக்குக் கிட்டாது. கிட்டாத அப்பகுதி அவர் கணக்கில் வெப்பமாக வெளிப்படுகிறது.

3.5. அன்ரூ வெப்பநிலை முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் அமைவது. முடுக்கத்தைச் சுருக்கிய பிளாங்க் மாறிலியால் பெருக்கி, வந்த தொகையை ஒளிவேகம், போல்ட்ஸ்மான் மாறிலி, பையின் இருமடங்கு ஆகியவற்றின் பெருக்கத் தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். புவியீர்ப்பு முடுக்க அளவுக்கு இது ஒரு கெல்வினில் ஏறத்தாழ 4ஐ 10இன் 20ஆம் அடுக்கால் வகுத்த பின்னமேயாகும். ஏவூர்தி ஒன்று அதனைப் போலப் பத்து மடங்கு முடுக்கம் பெற்றாலும் வெப்பநிலை பத்து மடங்கே உயரும். அதுவும் அளவிட இயலாத சிறுமையே. ஒரு கெல்வினை எட்ட, நொடிக்கு நொடி ஏறத்தாழ 2.5ஐ 10இன் 20ஆம் அடுக்கால் பெருக்கிய மீட்டர் வேகமாற்றம் வேண்டும். இதனால் இவ்விளைவு நேரடியாக இன்னும் அளக்கப்படவில்லை. 1983இல் ஜான் பெல்லும் ஜான் லெய்னாசும், சேமிப்பு வளையங்களிற் சுழலும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியில் இதன் சாயலைக் காணலாம் எனக் கருதினர். 2019இல் சிக்காகோ பல்கலைக்கழகக் குழுவினர் மிகக் குளிர்ந்த அணுத்திரளைக் கொண்டு இவ்விளைவின் போன்மம் ஒன்றை உருவாக்கினர்.

4. தாணு பத்மநாபனின் பங்களிப்பு

இளநிலை மாணவராக இருந்தபோதே பொதுச் சார்பியல் பற்றிய தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டவர் பத்மநாபன். பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜயந்த் நார்லிகரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1992 முதல் புனேயிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல், வானியற்பியல் மையத்தில் பணியாற்றினார்.

அன்ரூ விளைவு தொடர்பாக அவர் எழுப்பிய வினாக்களில் இரண்டு இங்குக் கருதத்தக்கன. ஒன்று, உணர்கருவி எதனை அளக்கிறது என்பது. 1987இல் டி. பி. சிங்குடன் எழுதிய கட்டுரையில், புலத்தோடு அன்றிப் புலத்தின் ஆற்றல்-உந்தத் தொகுதியோடு பிணைந்த கருவி எவ்வாறு துலங்கும் என ஆராய்ந்தார். 1996இல் எல். ஸ்ரீராம்குமாருடன், குறித்த கால அளவு மட்டும் இயங்கும் கருவியின் துலக்கத்தை ஆராய்ந்தார். சுழலும் கருவியைப் பொறுத்தவரை, பகுப்பு முறையால் கணக்கிட்டால் துகள் எண்ணிக்கை சுழி எனவும், கருவியோ துலங்குகிறது எனவும் முன்னரே அறியப்பட்டிருந்தது. எனவே ‘நோக்குநர் காணும் துகள்’ என்பதும் ‘கருவி காட்டும் துலக்கம்’ என்பதும் எல்லா நேர்வுகளிலும் ஒன்றல்ல.

மற்றொன்று, தொடுவானங்கள் வெப்பநிலை உடையனவாயின் அதன் பொருள் யாது என்பது. வெப்பமடையும் பொருள் நுண்கூறுகளால் ஆனதாக இருத்தல் வேண்டும் என்பது போல்ட்ஸ்மான் வழிவந்த கருத்து. எந்த இடத்திலும் முடுக்கமுறும் நோக்குநர் ஒருவரைக் கருதலாம்; அவருக்கு வெப்பநிலை தோன்றும்; ஆதலின் வெளிகாலத்துக்கும் நுண்கூறுகள் இருத்தல் வேண்டும்; ஈர்ப்பு விதிகள் அந்நுண்கூறுகளின் வெப்ப இயக்கவியலாக அமையலாம் என அவர் வாதிட்டார். 2005, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளியான விரிவான மதிப்பாய்வுக் கட்டுரைகளில் இக்கருத்தை வளர்த்தார். இது இன்றும் விவாதத்துக்குரிய கருத்தே. எனினும், கணக்கிடற்கருவி அளவில் இருந்த ‘நோக்குநர்’ என்னும் சொல்லை ஈர்ப்புக் கொள்கையின் நடுவிடத்துக்கு அது கொண்டுவந்தது என்பதை மறுக்கவியலாது.

5. தொல்காப்பியர் கூறும் நாற்சொல்லும் துகளும்

5.1. 1984இல் அன்ரூவும் ராபர்ட் வால்டும் ஒரு வினாவை எடுத்துக்கொண்டனர். முடுக்கமுறும் கருவி ஒரு துகளை ஏற்றுக்கொண்டது என்று அதனுடன் செல்பவர் கூறுகிறார். துகளே இல்லை என்று கூறும் மற்றவர் அந்நிகழ்ச்சியை எவ்வாறு விளக்குவார்? அவர்கள் கண்ட விடை வியப்புக்குரியது. கருவியின் நிலை மாறியது என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. உடன் செல்பவர் ‘கருவி துகளை ஏற்றது’ என்பார். மற்றவர் ‘கருவி துகளை உமிழ்ந்தது’ என்பார். நிகழ்ச்சி ஒன்று, அது ஒருவருக்கு வரவு, மற்றவருக்குச் செலவு.

5.2. தமிழிலக்கண மாணவர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்களையும் இடத்தோடு பொருத்திப் பகுக்கிறார். தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைகளுக்கு உரியன. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. (இரப்போரின் நிலைக்கேற்ப ஈ, தா, கொடு என்பவற்றைப் பகுக்கும் எச்சவியல் விதி வேறு, இதனோடு அதனை மயக்குதல் கூடாது.) ஓர் அசைவு வரவா செலவா என்பதை அவ்வசைவு மட்டும் தீர்மானிப்பதில்லை; பேசுவோர் நிற்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. விழிஞ்ஞத்து அலை நிலையத்தில் கடல்நீர் உயரும்போது அறைக்குள்ளிருந்த காற்று சுழலி வழியே வெளியேறியது. உள்ளே இருப்பவர் அதனைச் ‘செல்கிறது’ என்பார். வெளியே இருப்பவர் ‘வருகிறது’ என்பார். இருவரும் பொய்யுரைத்தவர் அல்லர்.

5.3. ‘இடம்’ என்னும் சொல் தமிழில் நிலப்பரப்பையும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இலக்கண மூவிடத்தையும் ஒருங்கே குறிப்பது இவ்வகையில் கருதத்தக்கது. வெற்றிடம் என்பதை ‘வெறுமையான பரப்பு’ எனக் கொள்ளாது, ‘ஓர் இடத்தார்க்கு வெறுமையாவது’ எனக் கொண்டால் சொல்லின் உள்ளேயே நோக்குநர் இடம்பெற்றுவிடுகிறார். இது சொற்பிறப்பு விளக்கம் அன்று. படிப்போர்க்குக் கருத்தை உணர்த்த உதவும் ஒரு வழியே.

5.4. இவ்வொப்புமைக்கு எல்லைகளும் உண்டு. வரவு-செலவில் அசையும் பொருள் இருவர்க்கும் பொது. அன்ரூ விளைவில் துகள்களின் எண்ணிக்கையே வேறுபடுகிறது. பேச்சில் எந்த இடமாற்றமும் சொல்லை மாற்றக்கூடும். இயற்பியலில் முடுக்கம் போன்ற மாற்றமே வெற்றிடத்தை மாற்றுகிறது. மேலும், எல்லாமே நோக்குநரைச் சார்ந்தது என முடிவுகட்டுதல் பிழையாகும். வெற்றிடத்தின் சராசரி ஆற்றல்-உந்தத் தொகுதி ஒருவருக்குச் சுழியாயின் அனைவருக்கும் சுழியே.

6. கலைச்சொற் சிக்கல்கள்

6.1. வெற்றிடம்: இச்சொல்லின் ‘இடம்’ என்னும் கூறு, காற்றிறைப்பிக் காலத்துப் பொருளுக்கு முற்றிலும் பொருந்துவது, நிலையைக் குறிக்கும் புதிய பொருளுக்கு அத்துணைப் பொருந்தாதது. மலையாளத்தில் வழங்கும் ‘சூன்யத’ என்னும் சொல் பண்புப்பெயர் விகுதி பெற்றிருப்பதால் நிலைப்பொருளை எளிதில் ஏற்கிறது. தமிழில் அதே பணியை ‘-மை’ விகுதி செய்யவல்லது. எனவே பொருள் நீக்கப்பட்ட இடத்துக்கு ‘வெற்றிடம்’ என்பதையும், புலத்தின் தாழ்நிலைக்கு ‘வெறுமை நிலை’ என்பதையும் வேறுபடுத்தி ஆளலாம். ‘முடுக்கமுறுவோரின் வெறுமை நிலை வேறு, சீராகச் செல்வோரின் வெறுமை நிலை வேறு’ என்னும் தொடர் இடர்ப்பாடின்றி அமையும். இதனையே ‘வெற்றிடம் வேறு’ என எழுதினால் இருவேறு பரப்புகள் பேசப்படுவதாகப் படிப்போர் மயங்குவர்.

6.2. முடுக்கம்: தமிழகத்தில் முடுக்கம் எனவும் இலங்கையில் ஆர்முடுகல் எனவும் வழங்குவது அறிந்ததே. முடுகு என்பது தன்வினை. முடுக்கு என்பது பிறவினை. ‘ஆர்முடுகல்’ ஐயத்துக்கு இடமின்றித் தன்வினையடியாகப் பிறந்தது. ‘முடுக்கம்’ என்பதோ பெருகு–பெருக்கம் போலத் தன்வினையடியாகவும், முடுக்கு என்பதிலிருந்தும் பெறப்படலாம். இவ்வேறுபாடு இலக்கண நுட்பமாக மட்டும் நின்றுவிடுவதன்று. தடையின்றி விழும் கல் நியூட்டன் கணக்கில் முடுகுகிறது. ஐன்ஸ்டைன் கணக்கில் அதனை எதுவும் முடுக்கவில்லை. அன்ரூ விளைவு வேண்டுவது முடுக்கப்படுதலையே. கருவி பெறும் ஆற்றலும் அதனை முடுக்கும் பொறியிலிருந்தே வருகிறது, வெறுமையிலிருந்து வருவதில்லை. எனவே ‘முடுகும் நோக்குநர்’ என்பதினும் ‘முடுக்கப்படும் நோக்குநர்’ அல்லது ‘முடுக்கமுறும் நோக்குநர்’ என்பதே பொருத்தமாகும். தரையில் நிற்போரும் ஐன்ஸ்டைன் கணக்கில் தரையால் மேல்நோக்கி முடுக்கப்படுவோரே. ஆயினும் அதனால் அவர்க்கு இவ்வெப்பம் புலப்படும் என எழுதிவிடலாகாது. கோள், விண்மீன் போன்ற பொருள்களைச் சூழ்ந்த புலத்தின் தாழ்நிலை வேறு வகையில் அமைகிறது.

6.3. தோன்றுதல்: மொழிபெயர்ப்பில் மிகுந்த தீங்கு விளைப்பது இச்சொல்லே. ‘முடுக்கமுறுவோர்க்கு வெற்றிடம் வெப்பமாகத் தோன்றுகிறது’ என்னும் தொடரில் ‘தோன்றுகிறது’ என்பது உண்மையில் அவ்வாறில்லை என்னும் குறிப்பையும் தருகிறது. கானல்நீர் தோன்றுவது போன்றதே இதுவும் எனப் படிப்போர் கொள்வர். ஆனால் கருவியின் துலக்கம் இரு நோக்குநரும் ஒப்பும் நிகழ்ச்சியாகும். எனவே ‘வெப்பத்தை அளக்கிறார்’, ‘வெப்பநிலை பதிவாகிறது’ என வினையை மாற்றுவதே தக்கது. மறுதலையாக, ‘வெற்றிடம் உண்மையில் வெப்பமானது’ என எழுதுவதும் அதே அளவு பிழையே. அது மற்ற நோக்குநரின் கூற்றை மறுத்துவிடுகிறது. ‘உண்மையில்’ என்னும் சொல்லை இவ்விடத்துத் தவிர்த்து, ‘இன்னார்க்கு’ என நான்காம் வேற்றுமையால் உரியவரைச் சுட்டுவது நேரிய வழி.

6.4. நோக்குநர்: இச்சொல்லின் ‘-நர்’ விகுதி உயர்திணைப் பொருளது. இயற்பியல் கூறும் நோக்குநர் ஒரு மனிதராக இருக்க வேண்டியதில்லை. ஒரு பாதையும் ஒரு கடிகாரமும் போதும். காட்சி மனத்தைச் சார்ந்தது என்னும் மெய்யியற் கொள்கைக்கு இவ்விளைவைச் சான்றாகக் காட்டும் எழுத்துகள் இவ்விகுதியின் மயக்கத்தால் ஊக்கம் பெறுகின்றன. முதல் ஆட்சியில் ‘நோக்குநர் (அல்லது அவருடன் செல்லும் கருவி)’ என விளக்கிவிட்டால் இம்மயக்கம் பெரிதும் நீங்கும். பத்மநாபன் முதலியோர் ஆய்வு காட்டியவாறு நோக்குநரும் கருவியும் வேறுபடும் நேர்வுகளில் மட்டும் இரு சொற்களையும் பிரித்தாளுதல் வேண்டும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும். வெற்றிடம் என்னும் கருத்து காற்றின்மை, தாழ்ந்த ஆற்றல் நிலை, நோக்குநரைச் சார்ந்த நிலை என மூன்று கட்டங்களைக் கடந்துள்ளது. இந்திய மொழிகளில் வழங்கும் கலைச்சொற்கள் இக்கட்டங்களில் ஒவ்வொன்றில் நிலைத்து நிற்கின்றன. சொல்லை மாற்றுவதாலோ அயற்சொல்லைப் பெய்வதாலோ மட்டும் இவ்விடைவெளி தீராது. வினை, வேற்றுமை, விகுதி ஆகியவற்றிலும் மொழிபெயர்ப்பாளர் கருத்துச் செலுத்த வேண்டும். பேசுவோர் இடத்தை வினைச்சொல்லிலேயே பதிவுசெய்யும் இலக்கணத்தைப் பழங்காலத்தே வகுத்துக்கொண்ட மொழிக்கு, நோக்குநர் இடத்தைப் பதிவுசெய்யும் இயற்பியலை எழுதுதல் அரிதன்று. விழிஞம், விழிஞ்ஞம் என இருவகையாகவும் ஓர் ஊரை அழைக்கும் எல்லைப்புறத்தில் தமிழ், மலையாளக் கலைச்சொற்களை ஒருங்கு வைத்து ஒப்பிடும் அகராதி ஒன்று தொகுக்கப்படுமாயின், இரு மொழியாளர்க்கும் அது பயன் தரும்.